வந்த நேரம், போன நேரம், நோக்கம்

எங்கள் ஊருக்குள் நுழைய வேண்டுமென்றால் சில வருடங்களுக்கு முன்பு கையெழுத்துப் போட வேண்டும். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரிகிற தூரத்தில், நெல்வயலுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். பாதிப் பேர் உழுகிறவர்கள், பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள், இரண்டையும் செய்து முதுகு ஒடிகிறவர்களும் உண்டு. ஊருக்கு ஒரே ஒரு தார்ச்சாலை. அது ஊருக்குள் நுழைகிற இடத்தில், புங்க மரத்தடியில், பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிவிட்ட மேசை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, சாலைக்குக் குறுக்கே ஒரு சவுக்குக் கழி. கழியின் அடிமுனையில் கல் கட்டியிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் கழி மேலே ஏறும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பெயர் வேண்டாம். ஊரில் எல்லாரும் ஆபீசர் என்றே சொன்னோம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் இருபத்தெட்டு வருடம் செக்யூரிட்டியாக இருந்தவர். வயதாகிவிட்டது போ என்று கம்பெனி அனுப்பியபோது, மனிதர் வாசலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். காக்கிச் சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு. மையிட்ட மீசை. பையில் இரண்டு பேனா. நீலம் உள்ளே வருகிறவர்களுக்கு, சிவப்பு வெளியே போகிறவர்களுக்கு. தப்பித்தவறி நீலத்தில் 'வெளியே' எழுதிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. "ஊட்டுக்குள்ள வர்றப்போ நான்தான் அந்த ஆள்கிட்ட கையெழுத்து வாங்கணும், இன்னா நேரம், எதுக்கு வந்தன்னு" என்று அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்றால், பக்கத்து ஊரில் அடுத்தடுத்து இரண்டு பெண்களின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். ஊருக்கு ஊர் போலீஸ் நிற்க முடியாது, உங்கள் ஊரை நீங்கள்தான் காவல் காக்க வேண்டும் என்றார். கைதட்டினோம். அங்கேயே கண்காணிப்புக் குழு அமைத்தோம். ஊர்த்தலைவர் குழுவுக்கும் தலைவர். அவருக்கு நேரம் கிடையாது. காலேஜ் முடித்தவன் என்கிற ஒரே பாவத்துக்காக நான் துணைத் தலைவர். தொண்டர்கள் பதினெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு விசில், ஒரு தடி, முதுகில் மின்னுகிற பட்டை வைத்த பச்சைச் சட்டை. முதல் வாரம் பதினெட்டுப் பேரும் விசில் ஊதியதில் நாய்கள் ஊரைக் காலி செய்துவிட்டன. மூன்றாவது வாரம் விசில் பிள்ளைகள் வாயிலும், பச்சைச் சட்டை கத்தரித் தோட்டத்துப் பொம்மை மேலும் இருந்தன. வாட்ஸ்அப் குழு மட்டும் பிரமாதமாக நடந்தது. தினமும் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம்.

பதினெட்டில் மிஞ்சியவர் ஆபீசர் ஒருத்தர்தான். அவர் எந்த விசிலையும் ஊதவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வரிசை எண், பெயர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க, நோக்கம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. பக்கங்களுக்கு நம்பர் போட்டு, முதல் பக்கத்துக்கு மஞ்சள் தடவி, கோயிலில் வைத்து எடுத்து வந்தார்.

"எழுதறவன் திருடமாட்டான் தம்பி. திருடறவன் எழுதமாட்டான். அவ்ளோதான் செக்யூரிட்டி" என்று என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகத்துப் போலீஸ் எல்லாம் தேடிக்கொண்டிருந்ததைத் தான் கண்டுபிடித்துவிட்ட தெளிவு.

அடுத்த மாதமே இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. கழி இறங்கியே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஆபீசர் எழுந்து, விறைப்பாக சல்யூட் அடித்து, நோட்டை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டார். போதுமே! அன்றையிலிருந்து எவன் முறைத்தாலும் ஒரே பதில்தான். "இன்ஸ்பெக்டரே போட்டுக்கீறாரு. நீ இன்னா, டி.ஐ.ஜி.யா?"

ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கும். காரில் ஏழு பேர், மடியில் பழத்தட்டு. ஏழு பேரையும் இறக்கி எழுதவைத்தார். மாப்பிள்ளை கூச்சத்தோடு 'நோக்கம்' என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதியிருக்கிறான். சும்மா வருகிறவனை உள்ளே விட முடியாது என்று ஆபீசர் ஒற்றைக் காலில் நின்றார். அடித்துவிட்டு 'பெண் பார்க்க' என்று எழுதினான். அதற்குப் பிறகும் விடவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை வேறு வைத்துவிட்டு, "உன் பொண்ணப் பாக்க ஏழு பேர் வந்துகிறாங்க, உள்ள வுடட்டுமா, இல்ல திருப்பி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். திரும்பிப் போகும்போது சிவப்புப் பேனாவில் நேரத்தைப் போட்டுவிட்டு, "இன்னா, புடிச்சுதா?" என்று மாப்பிள்ளையையே கேட்டார். அதற்கு நோட்டில் இடம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிடித்திருந்தது, கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஊரில் இன்றைக்கும் 'பதிவு பண்ண பொண்ணு' என்றுதான் பெயர்.

சாவுக்கு வந்தவர்களையும் விட்டதில்லை. ஒருத்தர் துண்டை வாயில் பொத்தி அழுதுகொண்டே வந்து, "எங்க மாமா பூட்டாருய்யா" என்கிறார். இவர் நோட்டைத் தள்ளி, "வருத்தமா கீதுப்பா. உத்தேசமா எத்தினி மணிக்கு வெளிய போவீங்க?" என்கிறார்.

இதெல்லாம் போதாதென்று ஆறு மாதத்தில் கேட் பாஸ் வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் சீட்டு வேண்டுமாம். ஊரிலிருந்து போகிற சாமானுக்கு மட்டும் சீட்டு வேண்டாமா? பொன்னேரியில் ஒரு அச்சகத்தில் கார்பன் வைத்த கட்டு அடித்து வாங்கி வந்தார். சீட்டு சரக்கோடு போகும், நகல் கட்டிலேயே நிற்கும். சீட்டில் இரண்டு பெட்டிகள் உண்டு. 'திரும்பி வருவது', 'திரும்பி வராதது'. எதை எடுத்துக்கொண்டு யார் போனாலும், சுண்டுவிரலால் கட்டைத் தட்டி, "திரும்பி வருமா, வராதா?" என்பார். மிக்சியை ரிப்பேருக்கு எடுத்துப் போன ஒருத்தி, "அத்த ரிப்பேர்க்காரனத்தான் கேக்கணும்" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு, அவள் ரிப்பேர்க்காரனுக்கு போன் போட்டுக் கேட்கும்வரை கழியைத் தூக்கவில்லை.

சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். 'எழுதியவர்' இவர். 'அனுமதித்தவர்' துணைத் தலைவர், அதாவது நான். ஒரு வாரம் மிக்சிக்கும் கோணிப்பைக்கும் ஓடி ஓடிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இரண்டு ஏக்கர் பயிர் இருக்கிறது, வடக்கத்தி ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட ஐந்து அறை இருக்கிறது, இந்தப் பேஜாரு எனக்கு எதற்கு? எட்டாம் நாள் கட்டை வாங்கி, வெறும் சீட்டு ஐம்பதிலும் வரிசையாகக் கையெழுத்தைப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "எழுதறதுக்கு முன்ன கையெழுத்தா? ராங்கு தம்பி" என்றார். "என் மேல நம்பிக்க இல்லியா ண்ணா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதுக் கட்டுக்கும் இதே வழிதான். எத்தனை கெட்டிக்காரன் நான்!

யார் எழுத வேண்டும், யார் வேண்டாம் என்பதிலும் அவருக்குத் திட்டம் இருந்தது. ரேஷன் கார்டு இருந்தால் ஊர்க்காரன், எழுத வேண்டாம். கார்டு இல்லாவிட்டால் வெளியாள், எழுத வேண்டும். ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் சிலர், காலனிக்காரர்களும் எழுதட்டும் என்று காதில் ஓதினார்கள். "அவங்களுக்கு இதே கடையில கார்டு கீதே? அப்ப நீங்களும் எழுதுங்க" என்று நோட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். அதோடு ஓதியவர்கள் காணாமல் போனார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது, மறுநாள் மறந்துவிட்டேன்.

கார்டு இல்லாதவர்கள் என்றால் என் அறைகளில் இருந்த ஒடிசாக்காரர்கள்தான். ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் எழுதினார்கள், பாவம். ஒருத்தன் மட்டும் எழுதவில்லை. பிஜய். கம்பெனி ஒன்றில் எலக்ட்ரிக்கல் வேலை. நான்கு வருடமாக என் கடைசி அறையில் மனைவியோடும் மகளோடும் இருந்தான். ஊரில் யாருடைய மோட்டார் நின்றாலும் லீவு நாளில் ஸ்பானரோடு வந்து ஓடவைத்துவிட்டுப் போவான். ஆபீசர் நோட்டை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் பொண்ணு பேரு அங்கன்வாடி நோட்ல இருக்கு சார். அது கவர்மெண்ட் நோட்டு. உங்க நோட்ல நான் விருந்தாளி மாதிரி எழுதணுமா? என் வீடு உள்ள இருக்கு."

"கார்டு கீதா?"

"வீடு இருக்கு."

"கார்டு கீதான்னு கேட்டேன்."

இப்படி மாதக்கணக்கில் நடந்தது. பிஜய் கழிக்கு அடியில் குனிந்து போவான். ஆபீசர் சிவப்புப் பேனாவில் 'கையெழுத்து மறுப்பு' என்று எழுதுவார். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நவரைப் பயிர் கதிர் பிடிக்கிற சமயம் ஒரு செவ்வாய்க்கிழமை, பஞ்சாயத்து ஆபீசில் குற்றத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வயலில் ஒரு ஆள் இல்லை, ஊரே திரண்டுவிட்டது, ஏனென்றால் சாப்பாடு உண்டு. ஆபீசர் மட்டும் வரவில்லை, வாசலை யார் பார்ப்பது? நன்றியுரை நான். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்று பேச்சு இருந்தது, வார்டு மெம்பருக்கு நிற்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன். "எங்கள் அனுமதி இல்லாமல் இந்த ஊரிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போக முடியாது" என்று மைக்கைத் தட்டிச் சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமானது.

சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நான்கு கொட்டகைகளில் மோட்டார் இல்லை. அடி போல்ட்டைக் கழற்றி, சுத்தமாக எடுத்துப் போயிருந்தார்கள். கதிர் பிடிக்கிற பயிருக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவுதான், பதர்தான் மிஞ்சும். ஊர் கொதித்தது. போலீஸ் வந்தது. ஆபீசரைக் கேட்டார்கள். அவர் நோட்டைத் திறந்து, விரலால் வரிவரியாக ஓட்டிக் காட்டினார். அன்றைக்கு வந்த எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் என்று ஒருத்தரும் எதையும் எடுத்துப் போகவில்லை. எழுதாதவன் ஒருத்தன்தான்.

"எழுதறவன் திருடமாட்டான் சார்" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பிஜய் இரவு ஷிப்ட் முடித்து, பகலெல்லாம் அறையில் தூங்கியிருந்தான். சாட்சிக்கு அவன் மனைவிதான், அவள் பேச்சு யாருக்கு வேண்டும்? அறையில் ஸ்பானர் இருந்தது. காணாமல் போன ஒரு மோட்டாரை முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சரி செய்திருந்தான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏறும்போது அவன் என்னைத்தான் பார்த்தான். "பயப்படாத, நான் கீறேன்" என்றேன்.

புதன்கிழமை காலை. எனக்குத் தூக்கமில்லை, எழுந்து நேராகப் புங்க மரத்துக்குப் போனேன். நோட்டில் இல்லை என்றால் கேட் பாஸ் கட்டில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு எண்ணம். கட்டைப் புரட்டினேன். பதினேழாம் நம்பர் சீட்டின் நகல். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று ஐம்பது. வண்டி, குட்டியானை. சரக்கு, பழைய இரும்பு. உருப்படி, நான்கு மூட்டை. எடை என்ற இடத்தில் 'கனம்' என்று எழுதியிருந்தார். கீழே அனுமதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, அழகாக, சுழி எல்லாம் வைத்து.

கட்டை அவர் முன்னால் நீட்டினேன். "ண்ணா, இந்த மூட்டய பிரிச்சிப் பாத்தியா?"

"பிரிக்கிறது செக்யூரிட்டி வேல இல்ல தம்பி. கேட்டு எழுதறதுதான்."

"தூக்கியாவது பாத்தியா?"

"கழிகிட்ட பிரேக் போட்டானா, ஒரு மூட்ட சரிஞ்சிபூட்ச்சி. அந்தப் பசங்களால ஏத்த முடியல. நானும் ஒரு கை குடுத்தேன்."

"இரும்பு வியாபாரி ஊருக்குள்ள எந்த ஊட்டுல வாங்கினான்னு கேக்கலியா?"

"திரும்பி வருமா வராதான்னு கேட்டேன். வராது சார்னான். டிக் போட்டேன்."

அந்த நாளில் எங்கள் ஊரில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். என் நன்றியுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆபீசர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயல் பக்கம் பார்த்தார். நாலு மூட்டை, நாலு மோட்டார். புரிந்த நொடியில் மனிதர் பத்து வயது கூடிப்போனார். மீசை மட்டும்தான் கறுப்பாக இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாலு மோட்டாரைத் தன் கையெழுத்தில் அனுப்பிவைத்தவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான் என்றுதான் என் புத்தி ஓடியது.

"இத்த கிழிச்சிடு ண்ணா" என்றேன்.

"கிழிக்கறதா? நம்பர் போட்டுக்கீது தம்பி. பதினேழு இல்லன்னா பதினாறும் பதினெட்டும் பொய்யாப் பூடும்."

"நீதான் மூட்டய ஏத்திவுட்டன்னு தெரிஞ்சா நாலு ஊட்டுக்காரனும் உன்ன சும்மா வுடுவானா? என்னத்தான் வுடுவானா?"

"அந்தப் புள்ள உள்ள குந்திகினு கீதே."

"ரெண்டு நாள் விசாரிச்சிட்டு அவங்களே வுட்டுடுவாங்க. கேட்டா சொல்லு. கேக்காதத்த நீயா ஏன் சொல்ற?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கட்டை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் நோட்டின் மேல் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் எழுதுகிறவர்தானே.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டேஷனுக்கு பிஜய்க்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். பனியனோடு சுவர் ஓரம் உட்காரவைத்திருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். நான் ரைட்டரிடம் போய், "நல்ல பையன் சார்" என்று சொன்னேன். அது எனக்கு எந்தச் சேதமும் வராத வார்த்தை. ரைட்டர் நிமிரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கேஸ் எழுதி, பொன்னேரி கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். கோர்ட்டுக்குப் போய்விட்டால் ஜெயில். கம்பெனியில் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு இது எல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடியும் பொட்டலத்தோடு கிளம்பினேன். கழிக்கு முன்னால் பிஜயின் மனைவி நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை. அவள் அதுவரை அந்த மேசைப் பக்கம் தலை திருப்பியதில்லை. அவளுக்கு வந்த தமிழ் எல்லாம் குழாயடியிலும் இந்தக் கழியிலும் கேட்டதுதான்.

"நீங்க எல்லாம் எழுதுது" என்றாள். "செவ்வாய்க்கிழம என் வீட்டுக்காரர் வெளிய போச்சு. எழுதுச்சா?"

ஆபீசர் நோட்டைப் புரட்டவில்லை. "எழுதிக்கீறேம்மா" என்றார்.

"திரும்பி வருமா, வராதா?"

கிண்டல் இல்லை. அந்த மேசையில் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டாள். ஆபீசரின் சுண்டுவிரல் மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நானே கயிற்றைத் தளர்த்தி, கழியை ஏற்றி, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஸ்டேஷனில் பிஜய் பசியோடு இருந்தான். பொட்டலத்தை வாங்கி வேகமாகப் பிரித்தான். சாம்பார் சாதம், முட்டை. நான் பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய மனுஷன் மாதிரி கால்மேல் கால் போட்டு, இன்ஸ்பெக்டர் வரட்டும் பேசலாம் என்று ரைட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஆபீசர். கம்பெனித் தொப்பி, பளபளப்பான பெல்ட், கக்கத்தில் நோட்டும் கட்டும். பஸ் பிடித்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், ஆனால் தெரிந்தவர் மாதிரி பார்க்கவில்லை. ரைட்டருக்கு சல்யூட் அடித்தார்.

"சார், மோட்டாரு என் கேட்டு வழியாத்தான் போச்சு. ஒரு மூட்டய நானே ஏத்திவுட்டேன். பதினேழாம் நம்பர் சீட்டு. எழுதறவன் திருடமாட்டான்னு நெனச்சேன் சார், திருடிட்டான். வண்டி நம்பர் அவன் சொன்னது இல்ல, நானே பின்னால போய்ப் பாத்து எழுதினது. இந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல."

ரைட்டர் கட்டையும் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். போனை எடுத்து வண்டி நம்பரைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஆந்திரா பார்டருக்கு அந்தாண்ட ஒரு இரும்புக் கிடங்கின் வண்டி, ஏற்கெனவே அதன்மேல் இதே மாதிரி கேஸ் இருக்கிறது. ரைட்டர் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "பையன அனுப்பிடலாம். சட்டயக் குடுங்கய்யா" என்றார். எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நாலு வார்த்தை ஆபீசரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

"இரு, இரு" என்றார் ரைட்டர். "அனுமதித்தவர்னு ஒரு கையெழுத்து கீதே, அது யாரு?"

ஆபீசர் கையை நீட்டினார். "இவருதான் சார். துணைத் தலைவரு."

அதை நான் சமாளித்திருப்பேன். வெறும் சீட்டில் நம்பிக் கையெழுத்துப் போட்டேன், இந்த நிமிஷம்வரை எதுவும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரைட்டர் அதற்குள் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தார். சத்தமாகவே படித்தார், அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"புதன்கிழமை." பிறகு என் பெயர். "யாரைப் பார்க்க, செக்யூரிட்டி. நோக்கம், பதினேழாம் நம்பர் சீட்டைக் கிழிக்கச் சொல்ல. வந்த நேரம், காலை ஏழு நாற்பது. போன நேரம், ஏழு ஐம்பத்தைந்து."

நான்கு வருடத் தமிழ், பிஜய்க்கு இவ்வளவு நன்றாகவே புரியும். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"அண்ணா, நேத்து காலையில இருந்தே தெரியுமா?" என்று கேட்டான்.

ஆபீசர்தான் பேசினார், அதுவும் என்னிடம். கோபம் எல்லாம் இல்லை, வேலை பாக்கி இருக்கிறவரின் குரல்தான். நீலப் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"தம்பி, இதுல உன் கையெழுத்து இல்ல. ஒண்ணு போட்டுடு."

போட்டேன். நிமிர்ந்தபோது பிஜய் மிச்சச் சோற்றை இலையோடு மடித்து, மேலே காகிதத்தைச் சுற்றி, ரப்பர் பேண்டையும் போட்டு, பொட்டலத்தை என் கால் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தான்.